பூட்டைப் பார்த்தால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

உலாவியின் முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருந்தால் தளம் பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். இன்னொரு பக்கம், பொது வைஃபையில் வங்கிப் பக்கத்தையே திறக்காதே என்ற பழைய எச்சரிக்கை இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 2010-இல் ஃபயர்ஷீப் என்ற உலாவி நீட்சி வந்தபோது அது சரி. அதை வைத்து, அதே வைஃபையில் இருக்கும் பக்கத்து மேசைக்காரரின் ஃபேஸ்புக் கணக்கில் ஒரே சொடுக்கில் நுழைய முடிந்தது. இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ்தான், அதாவது போய்வரும் தகவலை யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கி அனுப்பும் முறை. நடுவில் ஒட்டுக்கேட்பவருக்குத் தளத்தின் பெயர் தெரியலாம், கடவுச்சொல் தெரியாது.

போன வாரம் ரயில் நிலையத்தில் ஒருவர், ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று திரை சிவப்பாகக் கத்தியும் ‘தொடர்க’வை அழுத்தினார். கேட்டால், “வண்டி வந்துரும் சார்!” ஆபத்து அங்கேதான். அப்புறம், போலித் தளத்துக்கும் அந்தப் பூட்டைத் தரும் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கும். பூட்டைப் பார்க்கச் சொல்வதோடு, தளத்தின் முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்கவும் சொல்லிக்கொடுங்கள்.

– ஒரு வாசகர், மதுரை