காய்ந்த பிறகும் கரையும் நீல பெயின்ட்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், கோயம்புத்தூர் (பில், படங்கள் இணைப்பில்)
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

மேசை விளையாட்டில் வைக்கும் விண்வெளிப் படைவீரர் மினியேச்சர்களுக்கென்று (சின்னப் பொம்மைகள்) உங்கள் சொந்த லேபிளில் விற்கும் ‘எதிர் நிற செட்’டைப் போன மாதம் வாங்கினேன். ஒரு நீல பெயின்ட், ஒரு ஆரஞ்சு பெயின்ட். 2019ல் சிட்டடெல் கான்ட்ராஸ்ட் என்ற மினியேச்சர் பெயின்ட் வந்த பிறகு பரவலான, ஒரே பூச்சில் நிழலும் வெளிச்சமும் தரும் ரகம் என்று பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள்.

வெள்ளை பிரைமர் (அடிப்பூச்சு) மேல் நீலம் நன்றாகவே விழுந்தது. கவசத்தின் மேடுகளில் மெலிதாகவும், தகடுகள் சேரும் இடுக்குகளில் அடர்த்தியாகவும் ஓடி நின்றது. அதில் குறையே இல்லை. ஆரஞ்சு ஊடுருவித் தெரியும் பெயின்ட் என்பதால், ஹெல்மெட்டின் கண்ணாடிப் பகுதியில் நீலம் படாமல் வெள்ளையாகவே விட்டிருந்தேன். இரவு முழுக்கக் காயவிட்டு, மறுநாள் அங்கே ஆரஞ்சு வைத்தபோதுதான் வினை ஆரம்பித்தது. பிரஷ் நுனி விளிம்பில் பட்டதுமே காய்ந்த நீலம் கரைந்து கண்ணாடிக்குள் இறங்கியது. பளிச்சென்று எரிய வேண்டிய கண்கள் இரண்டும் சேற்று நிறம். சந்தேகம் தீர, வெறும் தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷால் இன்னொரு வீரனின் தோள்பட்டையைத் தேய்த்தேன். அதிலும் நீலம் கையோடு வந்தது. காய்ந்த அக்ரிலிக் தண்ணீருக்குக் கரையலாமா?

நீலத்தோடு பச்சை கலந்திருந்தால்கூட ஏதோ ஒரு மயில் கழுத்து நிறம் என்று விட்டிருப்பேன். நீலமும் ஆரஞ்சும் வண்ணச் சக்கரத்தில் நேர் எதிரெதிர். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும், கலந்தால் ஒன்றை ஒன்று கொன்று பழுப்பாகும். சுமார் 30 மி.மீ. உயரப் பொம்மை மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே இந்த ஜோடியையே பிடிக்கிறோம்? கரையும் பெயின்ட்டை வேறு எந்தப் பெயரில் விற்றாலும் விற்கலாம், எதிர் நிற செட் என்று மட்டும் விற்கக் கூடாது.

இதைச் சொன்னதற்கு உங்கள் ஊழியர் ‘பக்கத்து நிறத்தால் அப்படித் தோன்றும், கண் மயக்கம்’ என்று பதில் எழுதினார். அப்படி ஒன்று இருப்பது உண்மைதான். பாரிஸ் கோபலான் நெசவாலையில் கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தபோது, அங்கே சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் செவ்ரெல் ஆராய்ந்து பார்த்து, சாயத்தில் குற்றமில்லை, பக்கத்து நிறம்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். 1839ல் அதைப் புத்தகமாகவே போட்டார். சரி, ஆனால் கண் மயக்கம் பிரஷ்ஷில் ஒட்டிக்கொண்டு வராது. படத்தைப் பாருங்கள்.

அடுத்த பதில் இன்னும் மோசம். பெயின்ட்டை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவர் போடச் சொன்னார். அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும், இந்த மினியேச்சர்களோ பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். அசிட்டோன் பட்டால் பெயின்ட்டோடு பொம்மையின் முகமும் கரையும். நல்லவேளை, நான் கேட்கவில்லை. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்தேன். இந்த யோசனையை வேறு யாருக்கும் அனுப்பியிருந்தால் உடனே திருத்தி எழுதுங்கள். இது என் பணத்தைவிட அவசரம்.

செட்டின் விலையையும் கூரியர் கட்டணத்தையும் முழுதாகத் திருப்பித் தர வேண்டும். வேறு பாட்டில் அனுப்புகிறோம் என்பது எனக்கு வேண்டாம். இந்த நீலத்தின் மேல் வேறு நிறம் வைக்குமுன் வார்னிஷ் அடித்தே ஆக வேண்டும் என்றால், அதை விற்பனைப் பக்கத்திலேயே, வாங்குமுன் கண்ணில் படும்படி போடுங்கள். வார்னிஷ் செலவும் சேர்ந்தால் ‘ஒரே பூச்சு’ என்ற பேச்சுக்கு இடமில்லை என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் பதிவு செய்வேன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மீதிப் பெயின்ட் பாட்டிலிலேயே இருக்கிறது. கூரியர் ஆளை அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்