இரண்டாவது அடுப்பு

ஹட்டன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் அதனுடன் நீ மடித்து வைத்திருந்த, மூத்த மகனுக்காகக் கட்டப்போகும் மேல்மாடியின் வரைபடமும் சென்ற வாரம் கிடைத்தன. மூத்தவனுக்குக் கலியாணம் முடிவாகிவிட்டது என்று வாசித்தபோது மிக்க மகிழ்ச்சியாக இருந்தது. இங்கே நாங்கள் நலம். மூன்று நாளாக விடாத மழை, என் முழங்கால் வலி தவிர எழுதுவதற்கு வேறு புதினமில்லை.

வரைபடத்தை மேசையில் விரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்மாடியின் பின்மூலையில் ‘களஞ்சிய அறை’ என்று எழுதியிருக்கும் இடத்தில் ஒரு கழுவும் தொட்டியும், சுவரோடு ஒட்டி ஒரு புகைபோக்கியும் வரையப்பட்டுள்ளன. பிரதேச சபையில் இத்தனை வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக (டி.ஓ.) இருந்த என்னிடமே இப்படி ஒரு களஞ்சியத்தைக் காட்டுகிறாயே! அது குசினிதான் என்பதைப் பிளானைக் கையில் எடுக்கும் எந்த உத்தியோகத்தரும் முதல் பார்வையிலேயே கண்டுகொள்வார்.

“பெற்ற பிள்ளை மேலே இருப்பதற்கு எதற்கு அனுமதி?” என்று நீ கேட்கிறாய். பிள்ளை மேலே இருப்பதை யாரும் தடுக்கவில்லை. தோட்டத்து லயத்தின் ஒற்றைக் காம்பராவின் நடுவே சேலையைத் திரையாகக் கட்டி அண்ணனுக்குக் குடித்தனம் அமைத்துக் கொடுத்த குடும்பங்களில் வளர்ந்த நமக்கு, ஒரு வீட்டுக்குள் எத்தனை குடும்பம் என்று எண்ணுவதே விசித்திரமாகத்தான் தோன்றும். ஆனால் கட்டட விதி எண்ணுவது உறவுக்காரரை அல்ல. தூங்குவதற்கும் சமைப்பதற்கும் குளிப்பதற்கும் தனித்தனி வசதியோடு, மற்றப் பகுதியை நாடாமல் இயங்கக்கூடிய அறைகளின் தொகுதியைத்தான் அது ஒரு குடியிருப்பு அலகு என்று கொள்கிறது. ஆகவே மேலே ஒரு படுக்கையறையும் குளியலறையும் கூடுவதால் உன் வீடு ஒரே வீடாகவே இருக்கும். அடுப்பும் வெளிப்படிக்கட்டும் சேர்ந்தால், அங்கே குடியிருப்பது மகனா வாடகைக்காரனா என்று பாராமலே அதை இரண்டாவது வீடாகக் கணக்கெடுப்பார்கள்.

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் ‘அபிவிருத்தி’ என்று சொல்வது கட்டுவதை மட்டுமல்ல, கட்டடத்தின் பாவனையை மாற்றுவதையும்தான். அந்த அதிகார எல்லைக்குள் வரும் இடங்களில் இவ்விரண்டுக்கும் அனுமதி வேண்டும். வீட்டு வளவை வீட்டு வாழ்க்கைக்கு இயல்பாகத் துணையாகப் பயன்படுத்துவதற்குச் சட்டம் விலக்குக் கொடுக்கிறது. அந்த விலக்கும் புதிய பிளான் கொடுக்க வேண்டிய கட்டட வேலை எதுவும் இல்லாதபோது மட்டுமே செல்லும். வேலை முடிந்தபின், கட்டடம் அனுமதித்த பிளானின்படி இருக்கிறது என்று நீ பெற வேண்டிய சி.ஓ.சி. சான்றிதழில் என்ன பாவனை எழுதப்பட்டிருக்கிறதோ அதற்கு மட்டுமே கட்டடத்தைப் பயன்படுத்தலாம். மாறாக நடந்தால் முதலில் அறிவித்தல் வரும். அதை அசட்டை செய்தால் விஷயம் நீதவான் முன்னே போகும். அந்த எல்லைக்கு வெளியே உள்ள கிராமப் பக்கங்களில் 1915ஆம் ஆண்டு வந்த வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி பிரதேச சபையே கட்டட விண்ணப்பத்தைப் பார்க்கும்.

ஊருக்கு உபதேசம் சொன்ன நானே இதில் அகப்பட்டவன் என்பதை உன்னிடம் மறைப்பானேன்? அப்பா காலமானபின் தம்பி எங்கள் மேல்மாடியில் தனிச்சமையல் தொடங்கினான். தனி மின்மானியும் எடுத்துக்கொண்டான். நானும் ‘நம்ம வீடுதானே’ என்று விட்டுவிட்டேன். பிறகு அவன் வீட்டின் பேரில் கடனுக்கு விண்ணப்பித்தபோது, மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, பிளானில் ஒரு வீடு, நிலத்தில் இரண்டு வீடு என்று எழுதிவிட்டுப் போனார். திருத்திய பிளான் கொடுத்து, தண்டப்பணம் கட்டி, எல்லாம் சரியாகும் வரை எட்டு மாதம் கடன் கிடைக்கவில்லை. அந்த எட்டு மாதமும் தம்பி மனைவி என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

உன் கடிதத்தில் எனக்கு அதிக கவலை தந்தது கடைசி வரி. கீழே உள்ள இரண்டு அறைகளை எல்ல ஊரைப் பார்க்க வரும் வெள்ளைக்காரருக்கு விடுவதாக எழுதியிருக்கிறாய். மகன் குடியிருப்பதும் இதுவும் ஒன்றல்ல. பணம் வாங்கிக்கொண்டு விருந்தினரைத் தங்க வைப்பது வேறு பாவனை. அதற்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு வேண்டும், உங்கள் உள்ளூராட்சி சபையிலும் கேட்க வேண்டும். ‘ஹோம்ஸ்டே’ என்று பதிவதானால் வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதே. நீங்கள் இருவரும் மகனோடு மேலே போய்விட்டு, கீழ்வீட்டை முழுவதுமாக வெள்ளைக்காரரிடம் விட்டால் அது ஹோம்ஸ்டே ஆகாது.

வீட்டையோ காணியையோ மகனுக்கு எழுத்தில் பிரித்துக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே யோசி. காணியைத் துண்டாக்குவதற்குப் பொதுவாக ஒரு துண்டு 150 சதுர மீற்றருக்கு, ஏறக்குறைய 6 பேர்ச்சுக்கு, குறையக்கூடாது. உங்கள் இடத்து அபிவிருத்தித் திட்டம் அதிலும் கூடுதலாகக் கேட்கலாம். மேல்மாடிக்குத் தனி உறுதிப் பத்திரம் வேண்டுமென்றால் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி மாடி மனையாகப் பதிய வேண்டிவரும். அது செலவான பாதை.

உன் வீட்டுக்குப் பின்னால் இருப்பது வெட்டிய மண்திட்டு. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை உங்கள் பதுளை மாவட்டத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் (என்.பி.ஆர்.ஓ.) அறிக்கை இல்லாமல் அத்திவாரத்தில் கை வைக்காதே. இரண்டாவது குசினியின் கழிவுநீரும் மேல்கூரையின் மழைநீரும் திட்டுக்குள் இறங்காமல் வடிகானுக்குப் போகும் வழியைப் பிளானில் தெளிவாக வரையச் சொல்.

ஆகவே ‘களஞ்சிய அறை’ என்பதை அழித்துவிட்டு ‘குசினி’ என்றே எழுதச் சொல். இரண்டு குடியிருப்பு அலகு என்றே விண்ணப்பி. கட்டணம் கொஞ்சம் கூடும், சபைக்குக் கட்டும் சோலை வரியும் கூடலாம். ஆனால் நாளை மருமகளுக்கும் மாமியாருக்கும் மனம் கோணினாலும், மகன் வெளிநாடு போய் மேல்மாடியை வாடகைக்கு விட்டாலும், நீ யாருக்கும் பயப்பட வேண்டியிருக்காது.

வீடு முதலில் கட்டியபோது அங்கீகரித்த பழைய பிளானின் பிரதி ஒன்றை எடுத்து வை. தைப்பொங்கல் முடிந்ததும் பண்டாரவளைக்கு வருகிறேன். மண்திட்டையும் நேரில் பார்க்க வேண்டும், என் பழைய அளவுநாடாவையும் கொண்டுவருகிறேன். வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் பழைய நண்பன்