கொயிலை ஆறவிட்டுச் சோதிப்பதில் பயனில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் கொழும்பில் புல்வெட்டும் மெஷின்களுக்கு ஓய்வில்லை. திருத்தும் கடைகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இதுதான்: "காலையில ஒரே இழுவையில ஸ்டார்ட் ஆகுது. கால் மணித்தியாலம் வெட்டினதும் நிக்குது. ஆறவிட்டா திரும்ப ஓடுது." உடனே காபரேட்டரைக் கழற்றுவார்கள். சரிவராவிட்டால், ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி வருவதற்கு மின் கொடுக்கும் கொயிலை மாற்றச் சொல்வார்கள். கொயில் பழுதாகவும் இருக்கலாம். ஆனால் அதைச் சோதிக்காமலே காசு வாங்குவதுதான் பிழை.

கொயிலுக்குள் இருப்பது மயிரிழை போன்ற செப்புக் கம்பிச் சுற்றுகள். அவற்றைப் பிசின் ஊற்றி இறுக்கியிருப்பார்கள். சூடேறும்போது செம்பும் பிசினும் ஒரே அளவில் விரிவதில்லை. கம்பியில் நுண்ணிய வெடிப்பு இருந்தால் சூட்டில் அது விலகும். சுற்றுகளுக்கிடையே காப்பு பலவீனப்பட்டிருந்தால் மின் அங்கேயே கசியும். ஆறியதும் எல்லாம் பழையபடி பொருந்திவிடும். இன்னொன்று: எஞ்சின் நின்றதும் காற்றடிக்கும் பிளைவீலும் நிற்கும், சிலிண்டரின் சூடு கொயிலுக்கு ஏறும். பெற்றோல் ஊற்ற நிறுத்திய மெஷின் பிறகு அடம்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே மறுநாள் கடை மேசையில் வைத்து மல்டிமீட்டரால் அளந்து "கொயில் நல்லம்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. இப்போதைய கொயில்களுக்குள் மின்னணுச் சுற்றும் சேர்ந்திருப்பதால் ஓம் அளவு மட்டும் எதையும் உறுதிப்படுத்தாது.

நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். பிளக்கில் தீப்பொறி போனால் சுவிச்சை அணைத்ததுபோல் சட்டென நிற்கும். பெற்றோல் குறைந்தால் தடுமாறி, ஏறி இறங்கி நிற்கும். நின்றவுடன் பெற்றோல் தாங்கி மூடியைத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், பின்னர் ஸ்டார்ட் ஆனால், மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறது. கொயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்படியும் ஓடாவிட்டால், சூடு ஆறமுன் பொறியைப் பார்க்கவேண்டும். பக்க முனையை வெட்டி நீக்கிய பழைய பிளக் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். மெஷினின் பிளக்கைக் கழற்றவேண்டாம். திறந்த துவாரத்தால் வரும் பெற்றோல் ஆவி தீப்பற்றும். அதன்மேல் மாட்டியிருக்கும் வயர்த் தொப்பியை மட்டும் கழற்றிப் பழைய பிளக்கில் மாட்டி, அந்தப் பிளக்கின் உலோக உடலைச் சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிரூட்டும் இதழ்களில் இறுக்கித் தொடவைத்துக் கயிற்றை இழுங்கள். நீல நிறத்தில் 'டக் டக்' என்று பாய்ந்தால் கொயில் வேலை செய்கிறது. சாதாரண இடைவெளியுள்ள பிளக்கில் வெளியே பொறி தெரிவது போதாது. சிலிண்டருக்குள் அமுக்கத்தில் பாய அதைவிட அதிக வோல்ற்றேஜ் வேண்டும். தொப்பியை எதிலும் தொடாமல் தொங்கவிட்டு இழுக்கவும் கூடாது. நல்ல கொயிலும் கெட்டுவிடும்.

பொறி இல்லையென்றாலும் உடனே கொயில்மேல் பழி போடவேண்டாம். நிறுத்தும் சுவிச்சுக்குப் போகும் மெல்லிய வயரைக் கொயிலிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி இழுங்கள். பொறி வந்தால், அந்த வயர் எங்கோ உரசி உலோகத்தில் படுகிறது. கைபிடிக் குழாய்க்குள் நுழையும் இடத்தை முதலில் பாருங்கள். (அந்த வயர் இல்லாமல் எஞ்சின் ஓடினால் சுவிச்சால் நிற்காது, காற்றை அடைக்கும் சோக்கைப் போட்டு நிறுத்துங்கள்.) தொப்பிக்குள் இருக்கும் சிறு ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்திருப்பதும் இந்த ஈரக்காற்றில் சகஜம்.

இவ்வளவுக்குப் பிறகும் சூட்டில் பொறி இல்லாமல், ஆறியதும் வந்தால் கொயிலை மாற்றலாம். உதிரிப்பாகம் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். ஆணித் துவாரங்கள் பொருந்தினாலும் மாடல் வேறாயின் பொறி விழும் நேரம் மாறலாம். பூட்டுமுன் பிளைவீலில் உள்ள காந்தத்திலும் கொயிலின் இரும்புக் கால்களிலும் உள்ள துருவை மெல்லிய அரத்தாளால் நீக்குங்கள். காந்தம் கொயிலுக்கு நேரே வரும்வரை பிளைவீலைத் திருப்பி, இடையில் விசிற்றிங் கார்ட் ஒன்றை நுழைத்து, ஆணிகளைத் தளர்த்தினால் காந்தம் கொயிலை இழுத்துக்கொள்ளும். அப்படியே இறுக்குங்கள். பெரும்பாலான மெஷின்களுக்கு வேண்டிய சுமார் 0.3 மில்லிமீற்றர் இடைவெளி கிடைத்துவிடும். பிளக் இடைவெளி 0.6 மில்லிமீற்றரளவில் இருக்கட்டும். தேய்ந்து அகன்ற பிளக்கோடு ஓட்டினால் புதுக் கொயிலும் வீணாகும். சிலிண்டர் இதழ்களில் அடைந்த புல்லையும் அன்றைக்கே சுரண்டிவிடுங்கள்.

மின் பாகங்களை விற்றபின் திரும்ப எடுப்பதில்லை என்று கடைகள் எழுதி ஒட்டியிருப்பது அவர்கள் வசதி. ஆனால் திருத்துபவரே பழுதென்று தீர்மானிக்கும்போது, சூடான நிலையில் பொறி இல்லை என்பதை மெஷினின் சொந்தக்காரருக்கு இழுத்துக் காட்டிவிட்டே பில் போடவேண்டும். அதற்கு ஒரு பழைய பிளக்கும் இரண்டு நிமிடமும் போதும்.

சிறு இயந்திரத் திருத்துநர்,
கொழும்பு 13