தலை சாய்த்த சாமி: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் நீ ஊருக்கு வந்தபோது பேச்சு பாதியில் நின்றுவிட்டது. பாப்பா நெற்றியில் திருநீறு பூசப் போன என் கையைப் பிடித்து, "வேண்டாம்க்கா, பெரியவளானதும் அவளே முடிவு பண்ணட்டும்" என்றாய். எனக்குக் கோபம் வரவில்லை, ஆனால் அன்று ராத்திரி தூக்கமும் வரவில்லை. உன்னைப் போலவே சொல்லும் நல்ல அப்பா அம்மாக்கள் பலரைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உன் காரணம் எனக்குத் தெரியும். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த இருபது நாளும் நீ வேண்டாத சாமி இல்லை. அம்மா போனாள். அதோடு நீ கோயில் வாசலை மிதிப்பதை விட்டாய். அது தப்பு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அப்பா உன்னை அடித்து அடித்துப் பாட்டு மனப்பாடம் பண்ண வைத்தாரே, அதையும் மறக்கவில்லை. அப்படித் திணிப்பது பாவம். பாப்பாவுக்கு அது நடக்கவே கூடாது.

ஆனால் ஒன்று யோசி. நீ விட்டாய் என்றால் உன் கையில் ஏதோ இருந்தது, அதனால் விட முடிந்தது. கோபித்துக்கொள்ளக்கூட உனக்கு ஒரு சாமி இருந்தது. பாப்பா கையில் எதைக் கொடுத்து, அவளை வைத்துக்கொள் அல்லது விடு என்று சொல்லப் போகிறாய்? அவளைக் கேட்டா பெயர் வைத்தோம்? கேட்டா தமிழ் பேசினோம்?

நம் ஆயாவை நினைத்துப் பார்க்கிறேன். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் ஏறக்குறைய 400 வருஷம் சாமி இல்லாமல் கிடந்தது. கல்யாண மண்டபத்துச் சிற்பங்களைப் பார்க்க ஊர் ஊராக ஆள் வரும், கருவறையில் விளக்கு இருக்காது. லிங்கம் நம் சத்துவாச்சாரியில் இருந்தது. ஆயா கோட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் அகழிக்கு இந்தப் பக்கம் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். "உள்ளே சாமி இல்லையே ஆயா" என்பேன். "வரும்டி" என்பாள். அவளுக்கு அதைச் சொன்னது அவள் அம்மா. அந்த அம்மாவுக்கு யார் சொன்னார்களோ. 1981 மார்ச் 16 அன்று லிங்கத்தைக் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்கு ஆறு வயது, நீ பிறக்கவில்லை. சில நாள் கழித்து ஆயா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாள். அவ்வளவு பெரிய பெண்ணை இடுப்பில் தூக்குவார்களா! அவள் தூக்கினாள். அவள் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இடையில் ஒரே ஒரு தலைமுறை "பிள்ளைகளே பெரியவர்களாகி முடிவு பண்ணட்டும்" என்று சும்மா இருந்திருந்தால், அங்கே ஒரு சாமி இருந்தது என்ற நினைப்பே யாருக்கும் இருந்திருக்காது.

பாலாற்றுக்கு அந்தக் கரையில் காங்கேயநல்லூர். 1906-ல் அங்கே பிறந்த வாரியார் சுவாமிகளுக்குக் குரு அவருடைய அப்பாதான். அதனாலோ என்னவோ, எந்த மேடையிலும் அவர் முன்வரிசைப் பிள்ளைகளை மறந்ததில்லை. கதைக்கு நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பார், சரியாகச் சொன்ன பிள்ளைக்குச் சின்னப் புத்தகம் தருவார். அதட்டல் இல்லை. பிள்ளைகள் அடுத்த கேள்விக்காகக் காத்திருப்பார்கள். அப்பாவுக்கு அந்தப் பொறுமை இல்லாமல் போனது நம் துரதிர்ஷ்டம்.

எனக்கு என்ன கிடைத்தது என்று நீ கேட்கலாம். அம்மாவை எடுத்துக்கொண்டு போன ராத்திரி என்ன செய்வதென்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வாய் தானாக ஆயாவின் முருகன் பாட்டை முணுமுணுத்தது. அர்த்தம்கூட மனதில் ஓடவில்லை. விடியும்வரை அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாப்பாவுக்கும் ஒருநாள் அப்படி ஒரு ராத்திரி வரும். அன்றைக்கு நாம் இருவரும் பக்கத்தில் இருக்க மாட்டோம்.

இன்னொன்று. இதை உன்னைக் கட்டிப்போடச் சொல்லவில்லை. நான் பிறந்து ஏழு வருஷம் அம்மாவுக்கு அடுத்த குழந்தை இல்லை. கார்த்திகைக் கடை ஞாயிறுக்கு விரிஞ்சிபுரம் போய், நடு ராத்திரி சிம்மக் குளத்தில் முழுகி, ஈரப் புடவையோடு பிராகாரத்தில் படுத்திருந்தாள். குளிரில் நான் அவள் பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்தேன். மறு வருஷம் நீ.

அந்தக் கோயிலுக்குத்தான் பாப்பாவை அழைத்துப் போக ஆசை. அங்கே ஒரு கல் இருக்கிறது, குச்சியை வைத்தால் நிழல் மணி சொல்லும். அதை விட்டு அவள் நகர மாட்டாள். பூசு, கும்பிடு என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். என்னோடு வரட்டும், நான் கும்பிடுவதைப் பார்க்கட்டும், மதில் ஓரம் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடட்டும்.

அடுத்த சனிக்கிழமை ரயிலில் காட்பாடி வந்து இறங்குங்கள், நான் ஸ்டேஷனில் நிற்கிறேன். நீயும் கோயில் வாசல் வரைக்கும் வா, உள்ளே வராவிட்டால் பரவாயில்லை.

வெளியே வந்ததும் லிங்கம் ஏன் சாய்ந்திருக்கிறது என்று உன்னைத்தான் கேட்பாள். அப்பா இல்லாத சின்னப் பையன் சிவசர்மன் முதல் முறை பூசை செய்ய வந்தான், அபிஷேகத்துக்குக் கை எட்டவில்லை, அவனுக்காகச் சாமி தலையைச் சாய்த்தது என்று ஆயா நமக்குச் சொன்னாளே, அந்தக் கதை. "அப்புறம் ஏன் நிமிரவே இல்லை?" என்று நீ விடாமல் கேட்பாய். ஆயா சொன்ன பதில் எனக்கு மறந்துவிட்டது. உனக்கு ஞாபகம் இருக்கும்.

அன்புடன்,
அக்கா
சத்துவாச்சாரி, வேலூர்