சுறா வராத ஒரு மணி நேரம்

மாலத்தீவு,
சனிக்கிழமை இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு நர்சிங் சீட் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். பாடம் சொல்லிக்கொடுக்கப் போனவன் சுறாவைப் போட்டோ எடுத்துக்கொண்டு திரிகிறானாமே என்று உன் அப்பா சிரித்ததாக எழுதியிருந்தாய். சிரிக்கட்டும். ஆனால் சுறா பக்கத்தில் நான் போவதே இல்லை என்று அவரிடம் சொல். போவது கேமராதான்.

இங்கே பள்ளிக்கு வெள்ளி, சனி விடுமுறை. பவளப்பாறைகளில் சுறாவையும் திருக்கையையும் கணக்கெடுக்கிற ஒரு குழுவோடு அந்த இரண்டு நாளும் ஒட்டிக்கொள்கிறேன். ஏறிப் போகிற படகுக்கு இவர்கள் மொழியில் பெயர் என்ன தெரியுமா? தோணி! முதல் நாள் கேட்டதும் ஊரில் இருப்பது போலவே இருந்தது.

வேலை இதுதான். கம்பியில் செய்த ஒரு சட்டம், அடியில் கனத்துக்கு ஈயம், நடுவில் கோப்ரோ கேமரா. கேமராவுக்கு எதிரே ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஒரு குழாய். அதன் நுனியில் கம்பிவலைப் பை, உள்ளே நசுக்கிய மீன் ஒரு கிலோ. மத்தி மாதிரி எண்ணெய் வடிகிற மீனாக இருக்க வேண்டும், அப்போதுதான் வாடை நீரோட்டத்தில் தூரமாகப் போகும். சட்டத்தைக் கயிற்றில் மெதுவாக இறக்கி, மேலே மிதவையை விட்டுவிட்டு (நீங்கள் போயா என்பீர்களே, அதுதான்) அடுத்த இடத்துக்குப் போய்விடுவோம். இரண்டுக்கும் நடுவே அரை கிலோமீட்டராவது வேண்டும். இல்லாவிட்டால் இங்கே தின்ற சுறாவே அங்கேயும் பந்திக்கு வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் படம் ஓடியதும் வந்து தூக்குவோம். தூண்டில் இல்லை, வலை இல்லை, எதற்கும் ஒரு கீறல் கூட இல்லை.

இரை வைத்துக் கூப்பிட்டுவிட்டு எண்ணுவது என்ன கணக்கு என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். கடலில் மொத்தம் எத்தனை என்று இது சொல்லாது. எல்லா இடத்திலும் அதே இரை, அதே நேரம் என்பதால் இந்தப் பாறையையும் அந்தப் பாறையையும் ஒப்பிடலாம், அவ்வளவுதான். வட்டமடித்து வரும் ஒரே சுறாவைப் பத்துத் தடவை எண்ணிவிடாமல் இருக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். ஒரே நொடியில் திரையில் ஒன்றாகத் தெரிந்தவற்றில் அதிகபட்சம் எத்தனையோ, அதுதான் கணக்கு.

படகில் போவது சுகம். சிரமமெல்லாம் திரைமுன் உட்காருவதில். ஐந்தாம் நிமிடம் கிளிமீன் வரும், பதினைந்தாம் நிமிடம் பாம்பு மாதிரி ஒரு அஞ்சாளை மீன் பையைக் கடித்து இழுக்கும், அப்புறம் வெறும் நீலம். ஒரு தடவை நர்ஸ் சுறா வந்து பையோடு வாய் வைத்து உறிஞ்சி, சட்டத்தையே குப்புறத் தள்ளிவிட்டது. மீதி நாற்பது நிமிடமும் மணல் தரிசனம்.

போன மாதம் நான் ஒரு தப்பு செய்தேன். ராத்திரி தூக்கக் கலக்கம். ஒன்றுமே வராத ஒரு படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிட்டு, 'சுறா இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பது இங்கே வழக்கம். அதே படத்துக்கு இன்னொரு பெண் '52-ஆம் நிமிடம், ஒன்று' என்று எழுதியிருந்தாள். ஓட்டிப் பார்த்தால், இடது மூலையில் கறுப்பு நுனி வால் ஒன்று, இரண்டே நொடி. பக்கென்றது. பரீட்சைத் தாளில் பையன்கள் செய்தால் நான் திட்டுகிற அதே தப்பு.

அந்த 'இல்லை'தான் இங்கே பெரிய விஷயம், மாப்ளே. 58 நாடுகளில் 371 பாறைகளில் இப்படியே கேமரா இறக்கிப் பார்த்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பாறைகளில் ஒரு சுறா கூட வரவில்லை. கென்யா, வியட்நாம், கத்தார் உட்பட ஆறு இடங்களில் 800 மணி நேரத்துக்கு மேல் ஓடிய படத்தில் மொத்தமே மூன்று சுறா. அந்த 800 மணி நேரத்தையும் யாரோ உட்கார்ந்து முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். நான் ஒரு மணி நேரத்துக்கே ஓட்டிவிட்டேன்.

மாலத்தீவு அந்தக் கணக்கில் நல்ல மார்க் வாங்கிய ஊர். 2010-இல் சுறா பிடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். சும்மா இல்லை, முங்கிப் பார்க்க வருகிற வெள்ளைக்காரன் கொடுக்கும் காசு சுறாத் துடுப்பை விற்ற காசை விட அதிகம். உன் அப்பாவிடம் இதைச் சொல்லும்போது பக்குவமாகச் சொல். அவர் கொண்டுவந்த பால் சுறாவில் உன் அம்மா செய்த புட்டைத் தட்டு வழித்துத் தின்றவன் நான். எனக்கு உபதேசம் பண்ண யோக்கியதை இல்லை.

இன்று மதியம் பார்த்த படத்தில் ஒரு திருக்கை வந்தது. முதுகு கறுப்பு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, வாத்து மாதிரி மூஞ்சி, சாட்டை மாதிரி நீள வால். இரையை ஏறிட்டும் பார்க்காமல் கேமராவுக்கு மேலாக இறக்கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டது. அதற்கு உன் அப்பா ஒரு பெயர் சொல்வாரே, சின்ன வயதில் கேட்டது, நாக்கு நுனியில் நிற்கிறது. கேட்டு எழுது.

அடுத்த மாதம் வரும்போது மாசிக் கருவாடு கொண்டுவருகிறேன். அம்மாவுக்கு எத்தனை கிலோ வேண்டும்?

உன் பழைய பெஞ்சுக்காரன்