கைல இல்லாத பொருளுக்கு எதுக்கு அட்வான்ஸ்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். டெக் கம்பெனிங்க பொருள் ரெடியாகுறதுக்கு முன்னாடியே மேடை போட்டு அறிவிக்கிறத நிறுத்தணும் சார். ஆப்பிள் 2017ல ஏர்பவர்னு ஒரு சார்ஜர காட்டுனாங்க, 2019 மார்ச்ல அது வராதுன்னு கைவிட்டாங்க. டெஸ்லா 2017ல ரோட்ஸ்டர் கார காட்டி 2020ல வரும்னு முன்பணமும் வாங்குனாங்க, 2020 போச்சு, கார் வரல. அத புக் பண்ணவங்க வசதியானவங்க, தாங்குவாங்க. இங்க ராணிப்பேட்டை தோல் ஃபேக்டரிக்கு போற பசங்க சம்பளத்துல மிச்சம் பிடிச்சு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் புக் பண்ணிட்டு, அத நம்பி பழைய வண்டியையும் வித்துட்டு, ஷோரூம்ல போய் கேட்டா அடுத்த மாசம் அடுத்த மாசம்னே சொல்றாங்க, பாக்கவே வயிறு எரியுது. டெலிவரி தேதிய எழுத்துல தராம ஒரு ரூபா கூட வாங்கக்கூடாதுன்னு அரசு சட்டம் போடணும், தேதி தவறுனா வட்டியோட திருப்பித் தரணும்.

- ஒரு வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்