யார் முன்வர வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொதுமக்கள் அச்சமின்றிப் புகார் கொடுக்க முன்வந்தால் ரவுடித்தனம் தானாக ஒழியும் என்று தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். நல்லது. நான் முன்வந்து பார்த்தவன்.

காட்பாடி பக்கம் சிமென்ட், கம்பி விற்கும் சின்னக் கடை என்னுடையது. மாநாட்டு வசூல் என்று நாலு பையன்கள் வந்தார்கள். தொகையை அவர்களே எழுதி, ரசீதைக் கிழித்து மேசைமேல் வைத்தார்கள். பாதி தருகிறேன் என்றேன். மறுநாள் காலை ஷட்டர் பூட்டின் சாவித் துவாரம் முழுக்க எம்-சீல். வாசலில் கிடந்த பிவிசி பைப்புகள் சுக்குநூறு. ஸ்டேஷனில் மனுவை வாங்கியவர், “இன்னாத்துக்குப் பெரியவரே வம்பு, பேசி முடிச்சிக்கோங்க” என்றார். நான் வீடு திரும்புவதற்குள் வட்டப் பிரமுகர் ஒருவர் திண்ணையில் காத்திருந்தார். மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, அப்புறம் செல்போனைக் காட்டினார். அதில் என் மனுவின் போட்டோ!

சட்டம் இல்லாமலா? குண்டர் சட்டம் 1982 முதல் இருக்கிறது. ஓராண்டு வரை ஜாமீன் இல்லாமல் உள்ளே வைக்கலாம். மணல் கடத்துவோரையும் பிறகு அதில் சேர்த்தார்கள். ஆனால் பாலாற்றில் பிடிபட்டதாக நீங்கள் படம் போடுவது மாட்டுவண்டிக்காரனை. ராத்திரியில் போகிற லாரி யாருடையது என்று தங்கள் நிருபருக்குத் தெரியாதா என்ன? அரசியல்வாதி, அதிகாரி, அடியாள் கூட்டம் மூன்றும் கைகோத்திருப்பதை மத்திய அரசே அமைத்த வோரா குழு 1993-லேயே சொல்லிவிட்டது. 2019-ல் பணப் பட்டுவாடாவுக்காக வேலூர் மக்களவைத் தேர்தலையே ரத்து செய்து, ஆகஸ்டில்தான் நடத்தினார்கள். ஊர் மானம் கப்பலேறியது. சரி, பணமாவது சோதனையில் சிக்கும். பூத்துக்குச் சற்றுத் தள்ளி, வருகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே, அவர்கள் பையில் ஒன்றும் இருக்காது.

வேட்பாளர்கள் தங்கள்மீதுள்ள குற்ற வழக்குகளைப் பத்திரிகையில் மூன்று முறை வெளியிட வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தங்கள் பத்திரிகையிலும் வந்தது, மணமகள் தேவை விளம்பரத்தைவிடப் பொடி எழுத்தில். கண்ணாடி போட்டும் எனக்குப் படிக்க முடியவில்லை. அடுத்த தேர்தலுக்காவது அவற்றைத் தொகுதிவாரியாகத் தொகுத்து, மாவட்டப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவில் செய்தியாகப் போடுங்கள். காசு வராதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயரை வெளியிட வேண்டாம். காரணம் தாங்கள் அறியாததல்ல.

– ஒரு வாசகர், காட்பாடி